ஆர்த்தோகனல் என்றால் என்ன? பென்சிலும் கட்டத்தாளுமாக உட்காருபவர்களுக்கு

தமிழில் 'செங்குத்து' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'செங்குத்தான பாறை' என்றால் நெட்டுக்குத்தாக நிற்கும் பாறை என்று எடுத்துக்கொள்கிறோம். தரையிலிருந்து நேர் மேலே போகும் அந்த ஒரு திசைதான் மனதுக்குள் வருகிறது. கணக்கில் அப்படி இல்லை. ஒரு கோட்டைக் காட்டி 'இது செங்குத்தா?' என்று யாராவது கேட்டால், 'எதற்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் இரண்டு கோடுகள்கூட ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கலாம். சம்பந்தி உறவு மாதிரிதான் இது: இவர் அவருக்குச் சம்பந்தி என்றால் அவரும் இவருக்குச் சம்பந்தி; தனியாக நின்றுகொண்டு யாரும் சம்பந்தி ஆக முடியாது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. புதிதாகப் படிக்க வருபவர்கள் தடுமாறுவது அங்கேதான். பெர்பெண்டிகுலர் என்பது லத்தீனில் தூக்குக்குண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நார்மல் என்பதன் வேர், மூலைமட்டத்தைக் குறிக்கும் 'நார்மா'. ஆர்த்தோகனல் கிரேக்க வழி: 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, சரியானது; 'கோனியா' என்றால் கோணம். நம் செங்கோணமும் செம்மையும் கோணமும் சேர்ந்ததுதான். வளையாத கோல் செங்கோல் என்றால், சாயாத கோணம் செங்கோணம். கிரேக்கர்களும் நாமும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம்.

அடிப்படையில் மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், புழக்கம்தான் வேறு. கோடுகளுக்குப் பெர்பெண்டிகுலர், ஒரு பரப்பிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் கோட்டுக்கு நார்மல் (பள்ளிப் புத்தகத்தில் செங்கோடு), வெக்டர் (நீளமும் திசையும் உள்ள அம்பு), சார்பு, தரவு என்று போகும்போது ஆர்த்தோகனல். நான் செங்குத்து என்றே எழுதுகிறேன், சொல்லையே பேச வேண்டிய இடத்தில் மட்டும் ஆர்த்தோகனல்.

படி 1: தரையில் ஒரு செங்கோணம் போடுங்கள்

ஒரு டேப்பும் சாக்பீஸும் போதும். தரையில் ஒரு நேர்கோடு கிழித்து, அதன் ஒரு முனையிலிருந்து 3 மீட்டர் அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அதே முனையிலிருந்து இன்னொரு பக்கமாக 4 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் வரும்வரை இரண்டாவது புள்ளியை நகர்த்துங்கள். வந்துவிட்டால் மூலை 90 பாகை.

9 + 16 = 25 என்ற பிதாகரஸ் கணக்குதானே என்று சொல்வீர்கள். பாதி சரி. பிதாகரஸ் தேற்றம் சொல்வது: மூலை செங்கோணமாக இருந்தால் பக்கங்கள் இப்படி அமையும். நாம் செய்வதோ தலைகீழ்: பக்கங்கள் இப்படி அமைந்திருக்கின்றன, அதனால் மூலை செங்கோணம். இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பாகத்தில் 47-வது கூற்றாகப் பிதாகரஸ் தேற்றத்தையும், அடுத்த 48-வது கூற்றாக அதன் மறுதலையையும் வைத்திருக்கிறார். கட்டடம் கட்டுபவர் நம்பியிருப்பது 48-ஐ.

சிறு பிழை எவ்வளவு தூரம் போகும் என்றும் பார்த்துவிடலாம். 5 மீட்டர் வர வேண்டிய இடத்தில் 5.05 மீட்டர் வந்தது, 5 செ.மீ. தானே என்று விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். மூலை 90 பாகைக்குப் பதில் 91.2 பாகை ஆகிவிடும். அந்தத் திசையிலேயே 10 மீட்டர் சுவர் எழுப்பினால், சுவரின் மறுமுனை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 21 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். அதே 5 செ.மீ. பிழை 6-8-10 அளவில் நேர்ந்தால் கோணப் பிழை பாதியாகக் குறையும். இடம் இருந்தால் பெரிய முக்கோணமாகவே போடுங்கள்.

இன்னொரு வழி, நாற்கரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளப்பது. நல்ல சோதனைதான், ஆனால் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நான் ஒருமுறை புத்தக அலமாரி செய்தபோது மூலைவிட்டங்களை மட்டும் அளந்துவிட்டு ஆணி அடித்துவிட்டேன். இரண்டும் அச்சுப் பிசகாமல் சமம். கீழ்ப்பலகை மேல்பலகையைவிட ஒரு விரல்கடை நீளம் என்பது பிறகுதான் தெரிந்தது. சமபக்கச் சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமமாகத்தான் இருக்கும். அலமாரி இன்னும் நிற்கிறது, கொஞ்சம் பாவாடை விரித்த மாதிரி.

படி 2: கட்டத்தாளில் சாய்வு

இதை வேகமாகத் தாண்டிவிடலாம். ஒரு கோட்டின் சாய்வு 2 என்றால், அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −1/2. பெருக்கினால் −1. பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். ஏன் என்று பார்க்க, கட்டத்தாளில் 1 கட்டம் வலது, 2 கட்டம் மேலே என்று ஓர் அம்பு வரைந்து, தாளை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வலது போனது மேலே போகும், மேலே போனது இடது போகும். அதாவது (1, 2) என்பது (−2, 1) ஆகிறது.

இந்த விதிக்கு ஓர் ஓட்டை உண்டு. நெட்டுக்குத்தான கோட்டுக்குச் சாய்வே கிடையாது. கிடைக்கோடும் நெட்டுக்கோடும் செங்குத்து என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விதியில் போட எண் இல்லை. முப்பரிமாணத்துக்குப் போனால் ஒற்றைச் சாய்வு எண்ணே போதாது. ஆகவே வேறு கருவி வேண்டும்.

படி 3: பெருக்கிக் கூட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அம்புகளையும் எண்களாக எழுதி, முதல் எண்ணை முதல் எண்ணோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பெருக்கி, வந்தவற்றைக் கூட்ட வேண்டும். விடை பூஜ்ஜியம் என்றால் செங்குத்து. இதற்குப் புள்ளிப் பெருக்கல் என்று பெயர்.

(2, 1), (−1, 2) என்ற இரண்டை எடுங்கள். 2 × (−1) = −2. 1 × 2 = 2. கூட்டினால் 0. செங்குத்து.

இது பிதாகரஸின் இன்னொரு முகம்தான். அம்புகளின் நீளத்தின் வர்க்கங்கள் 5, 5. முனைக்கு முனை உள்ள தூரத்தைப் பார்க்க, கழித்தால் (3, −1); அதன் வர்க்கம் 9 + 1 = 10. 5 + 5 = 10, மூலை செங்கோணம். பொதுவாக எழுதி விரித்துப் பார்த்தால், முனைக்கு முனை தூரத்தின் வர்க்கம் என்பது இரண்டு நீள வர்க்கங்களின் கூட்டலிலிருந்து புள்ளிப் பெருக்கலின் இரண்டு மடங்கைக் கழித்தது. பிதாகரஸ் பொருந்த வேண்டுமானால் அந்தக் கழிக்கும் பகுதி மறைய வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

விடையின் குறியும் சேதி சொல்லும். நேர்க்குறி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கின்றன, குறுங்கோணம். எதிர்க்குறி என்றால் விரிகோணம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: பலர் ஆர்த்தோகனல் என்றால் எதிரானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேர் எதிர்த்திசை 180 பாகை; அங்கே பெருக்கல் முழு எதிர்க்குறியில் இருக்கும். எதிரிக்கு உங்கள் மேல் அக்கறை உண்டு, உங்களுக்கு நேர்மாறாகவே செய்வான். செங்குத்தானவனுக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதே ஒரு பொருட்டல்ல.

எண்களின் பட்டியலை நீட்டுவதில் தடையே இல்லை. (1, 2, 2), (2, 1, −2): 2 + 2 − 4 = 0. முப்பரிமாணத்தில் செங்குத்து. (1, 1, 1, 1), (1, −1, 1, −1): 1 − 1 + 1 − 1 = 0. இது நாலு பரிமாணம். வரைந்து காட்டச் சொன்னால் யாராலும் முடியாது, ஆனால் கணக்கு சொல்லிவிடுகிறது. ஆர்த்தோகனல் என்ற சொல் உண்மையில் வேலைக்கு வருவது இங்கிருந்துதான்.

கணினியில் இதைச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தசம எண்களில் விடை அச்சாகப் பூஜ்ஜியமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். புள்ளிப் பெருக்கலை இரண்டு நீளங்களாலும் வகுத்து, கிடைப்பது மிகச் சிறிய எண்ணா என்று பாருங்கள். நீளத்தால் வகுக்காமல் பார்த்தால், சின்னச் சின்ன வெக்டர்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று செங்குத்து போலத் தோன்றும்.

படி 4: நிழலைக் கழியுங்கள்

செங்குத்து இல்லாத இரண்டு அம்புகள் கையில் இருக்கின்றன, செங்குத்தாக்க வேண்டும். எப்படி?

(3, 4) என்ற அம்பை (2, 1) திசையில் போகும் கோட்டின் மேல் விழவையுங்கள். கோட்டுக்கு நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் விழும் நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் இதை வீழல் என்கிறது. கணக்கு: இரண்டின் புள்ளிப் பெருக்கல் 6 + 4 = 10. (2, 1)-ஐ அதனோடேயே பெருக்கினால் 5. 10-ஐ 5-ஆல் வகுத்தால் 2. நிழல், (2, 1)-இன் இரண்டு மடங்கு: (4, 2). இப்போது (3, 4)-இலிருந்து நிழலைக் கழித்தால் (−1, 2) மிஞ்சுகிறது. (2, 1)-ஓடு சோதியுங்கள்: −2 + 2 = 0.

இதில் இரண்டு லாபம். மிஞ்சிய துண்டின் நீளம், √5, புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தூரம். கோட்டில் வேறு எந்த இடத்துக்குப் போனாலும் அந்தத் தூரம் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகிவிடும், அதனால் கூடும். இரண்டாவது, மூன்றாவதாக ஓர் அம்பு வந்தால் செங்குத்தாக்கிய முதல் இரண்டின் மேலும் விழும் அதன் நிழல்களைக் கழிக்கலாம், நாலாவதிலிருந்து மூன்றையும். இப்படியே போகும் முறைக்கு கிராம்–ஷ்மிட் என்று பெயர். ஒவ்வொன்றையும் அதன் நீளத்தால் வகுத்து நீளம் 1 ஆக்கிவிட்டால் அதை ஆர்த்தோநார்மல் என்பார்கள்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. செங்குத்து அணி (அணி என்பது எண்களை நிரை, நிரலாக அடுக்கிய கட்டம்) என்று சொல்லும்போது நிரல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் நீளமும் 1 ஆக இருக்க வேண்டும். நியாயமாக ஆர்த்தோநார்மல் அணி என்று பெயர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. தேர்வில் பலர் வழுக்கும் இடம். அந்த நிபந்தனை இருந்தால் கிடைக்கும் வசதி பெரிது: நேர்மாறு அணியைக் கண்டுபிடிக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை, நிரைகளை நிரல்களாக மாற்றி எழுதினால் போதும்.

சிதறிக் கிடக்கும் அளவீடுகளின் நடுவே 'பொருத்தமான' நேர்கோடு போடுவதும் இதே நிழல்தான். லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறையைப் படத்தோடு யோசித்தால், நம் அளவீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய வெக்டர். 100 அளவீடு என்றால் 100 பரிமாணம். நேர்கோட்டால் எட்டக்கூடிய விடைகள் அதற்குள் ஒரு சமதளம். நம் வெக்டரின் நிழல் அந்தத் தளத்தில் எங்கே விழுகிறதோ அதுதான் சிறந்த கோடு. மிஞ்சும் பிழை தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்.

படி 5: ஒரே குழாயில் இரண்டு பேச்சு

செங்குத்தின் பயன் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். அலைபேசிகளில் ஆளுக்கொரு குறியீடு வைத்து ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் சிடிஎம்ஏ முறையின் குட்டி வடிவம். தாளில் போட்டுப் பார்த்தால்தான் சுவை தெரியும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். முதலாமவர் குறியீடு (1, −1, 1, −1). இரண்டாமவர் குறியீடு (1, 1, −1, −1). பெருக்கிக் கூட்டினால் 1 − 1 − 1 + 1 = 0, செங்குத்து. 'ஆம்' என்று சொல்ல வேண்டுமானால் தன் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும், 'இல்லை' என்றால் எல்லாக் குறிகளையும் மாற்றி அனுப்ப வேண்டும்.

முதலாமவர் 'ஆம்' என்கிறார்: (1, −1, 1, −1). இரண்டாமவர் 'இல்லை' என்கிறார்: (−1, −1, 1, 1). காற்றில் இரண்டும் கலந்து (0, −2, 2, 0) ஆகிவிடுகிறது. பார்த்தால் குழம்பிய குட்டை. கேட்பவர் இதை முதலாமவர் குறியீட்டோடு பெருக்கிக் கூட்டுகிறார்: 0 + 2 + 2 + 0 = 4. நாலால் வகுத்தால் +1, 'ஆம்'. இரண்டாமவர் குறியீட்டோடு: 0 − 2 − 2 + 0 = −4. வகுத்தால் −1, 'இல்லை'. குட்டை தெளிந்துவிட்டது. ஒருவருடைய குறியீட்டின் மேல் அடுத்தவருடைய நிழல் விழவே இல்லை என்பதால்தான் இது நடக்கிறது.

இயற்பியலிலும் இதே கதை. மட்டமான தரையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, புவியீர்ப்பு கீழ்நோக்கி, நடை பக்கவாட்டில். புவியீர்ப்பு செய்த வேலை பூஜ்ஜியம். தோள்பட்டை இதை ஒத்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம். ஒரு பந்தைக் கைவிட்டு, அதே உயரத்திலிருந்து இன்னொன்றைக் கிடையாக வீசினால், காற்றின் தடையை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தரைதொடும். பக்கவாட்டு வேகம் விழும் வேகத்தில் தலையிடுவதில்லை.

படி 6: அலைகளும் செங்குத்தாகும்

சார்புகளுக்கு வருவோம். பயப்பட ஒன்றுமில்லை, எண்களின் பட்டியல் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். ஒரு முழுச் சுற்றில் 45 பாகைக்கு ஒருமுறை சைன் அலையைக் குறித்தால்: 0, 0.7, 1, 0.7, 0, −0.7, −1, −0.7. அதன் இரட்டை வேக அலை: 0, 1, 0, −1, 0, 1, 0, −1. பெருக்குங்கள்: 0, 0.7, 0, −0.7, 0, −0.7, 0, 0.7. கூட்டினால் 0. எட்டுப் புள்ளிக்குப் பதில் எண்ணற்ற புள்ளிகள் என்று போனால் கூட்டல் தொகையீடாகும், விடை அப்போதும் பூஜ்ஜியம்தான்.

ஃபூரியே 1822-இல் வெப்பம் பரவுவதைப் பற்றி எழுதிய நூல் இந்தப் பண்பின் மேல் நிற்கிறது. கலந்து வரும் ஓர் ஒலியில் ஒரு குறிப்பிட்ட சுருதி எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, அந்தச் சுருதியின் அலையோடு பெருக்கிக் கூட்டினால் மற்ற சுருதிகள் தாமாக விழுந்துவிடும்.

ஆனால் 'எந்த இடைவெளியில்' என்று சொல்லாமல் இரண்டு சார்புகள் செங்குத்து என்று சொல்லக் கூடாது. சைனும் காஸும் முழுச் சுற்றில் செங்குத்து. முதல் கால் சுற்றை மட்டும் எடுத்தால் இரண்டுமே நேர்க்குறியில் இருக்கின்றன, பெருக்கிக் கூட்டினால் பூஜ்ஜியம் எப்படி வரும்? 4ஜி அலைபேசி நுட்பமான ஓஎஃப்டிஎம் இதே கவனத்தோடுதான் செய்யப்பட்டிருக்கிறது (பெயரின் முதல் எழுத்து ஆர்த்தோகனலைக் குறிப்பது). வழக்கமான அமைப்பில் துணை அலைகள் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். ஒவ்வொரு தகவல் துண்டையும் 1/15,000 நொடிக்குக் கேட்டால் எந்த இரண்டு அலைகளுக்கும் இடையிலான வித்தியாசம் முழுச் சுற்றுகளாக முடிந்து, பெருக்கல் பூஜ்ஜியமாகும். அதனால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் பிரித்துவிடலாம். வேகமாக ஓடும் வண்டியில் அதிர்வெண் சற்றே நகர்ந்தால் இந்தக் கணக்கு பிசகி, ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழ ஆரம்பிக்கும்.

புள்ளியியல் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சராசரியைக் கழித்த பிறகு இரண்டு தரவு வரிசைகள் செங்குத்தாக இருந்தால், அவற்றுக்குள் ஒட்டுறவு பூஜ்ஜியம் என்பார்கள். ஒட்டுறவு இல்லை என்றால் தொடர்பே இல்லை என்று பாய்ந்துவிடாதீர்கள். (−1, 0, 1) என்ற வரிசையையும் அதன் வர்க்கமான (1, 0, 1)-ஐயும் எடுங்கள். இரண்டாவதன் சராசரி 2/3; கழித்தால் (1/3, −2/3, 1/3). முதல் வரிசையோடு பெருக்கிக் கூட்டினால் −1/3 + 0 + 1/3 = 0. செங்குத்து! ஆனால் இரண்டாவது முழுக்க முழுக்க முதலாவதிலிருந்து பிறந்தது. நேர்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதை மட்டும்தான் இந்தச் சோதனை சொல்கிறது.

படி 7: பேச்சில் பயன்படுத்தும்போது

2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணை. வாதாடிக்கொண்டிருந்த சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபிரீட்மன், ஒரு பிரச்சினை இன்னொன்றுக்கு முழுக்க ஆர்த்தோகனல் என்றார். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இடைமறித்து, முழுக்க என்னவென்று கேட்டார். செங்கோணம், தொடர்பில்லாதது, பொருத்தமற்றது என்று ஃபிரீட்மன் விளக்க, நீதிபதி ஸ்கலியாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது.

எனக்கு அந்த விளக்கத்தில் கடைசிச் சொல்லோடு உடன்பாடு இல்லை. ஓர் அறையின் நீளமும் அகலமும் செங்குத்தானவை. ஒன்றை மாற்றாமல் இன்னொன்றை மாற்றலாம். ஆனால் பரப்பளவு வேண்டும் என்றால் எதையும் பொருத்தமற்றது என்று தள்ள முடியாது. நிரலாளர்கள் இந்தச் சொல்லைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆல்கால் 68 என்ற கணினி மொழியை வடிவமைத்தவர்கள் இதையே கொள்கையாக வைத்தார்கள்: சில அடிப்படைக் கூறுகள், ஒவ்வொன்றும் தனித்தனி, எதை எதோடும் சேர்க்கலாம்.

ஆகவே பேச்சில் ஆர்த்தோகனல் என்று சொல்லும் முன் 'இதைத் திருகினால் அது நகருமா?' என்று கேட்டுப் பாருங்கள். குளியலறைக் குழாயையே எடுத்துக்கொள்ளலாம். வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு திருகுகள் இருந்தால், சூட்டைக் கூட்ட ஒன்றைத் திருகும்போது நீரின் அளவும் கூடிவிடும். அளவைக் குறைக்க இன்னொன்றை மூடினால் சூடு ஏறிவிடும். ஒற்றைக் கைப்பிடி வைத்த குழாயில் இடம் வலமாகத் திருப்பினால் சூடு மட்டும் மாறும், மேலே தூக்கினால் அளவு மட்டும் மாறும். இரண்டிலும் உள்ளே ஓடுவது அதே இரண்டு நீர்தான்; கைப்பிடி மட்டும் செங்குத்தாகிவிட்டது.